ஆணையைக் காட்டு!

"பக்கம் திறக்கவில்லை, ஐயா!"

"கம்பியிலே கோளாறாக இருக்கும். காலையில் சரியாகிவிடும்."

"மற்றவை எல்லாம் திறக்கின்றனவே! இஃதொன்று மட்டுந்தானே அடம்பிடிக்கிறது!"

2025 பிப்ரவரித் திங்கள் 15ஆம் நாள் இரவு, மூலக்குளத்தில் என் வீட்டுத் திண்ணையில், பக்கத்து வீட்டுக் கல்லூரி மாணவருக்கும் எனக்கும் நடைபெற்ற உரையாடல் இது. அவர் கையிலிருந்த செல்பேசியில் திறக்க மறுத்தது விகடன் இதழின் வலைத்தளம். தெருவிலே அமைதி. விழுப்புரம் சாலையிலே வழக்கம்போல் பேருந்துகள் ஓடின. அச்சகத்துக்குப் பூட்டுப் போட்ட காவலரும் இல்லை. இதழ்க் கட்டுகளை வாரிச் சென்ற வண்டியும் இல்லை. ஆயினும் ஓர் ஏடு நாட்டு மக்களின் கண்ணிலிருந்து மறைக்கப்பட்டுவிட்டது!

வரலாறு படித்துப் பட்டம் பெற்றவன் நான். பள்ளியிலே பிள்ளைகட்கு வரலாறு கற்பிப்பவன். 1878ஆம் ஆண்டின் தாய்மொழிப் பத்திரிகைச் சட்டம் பற்றிக் கரும்பலகையில் எழுதிப் போடுபவன். அப்படிப்பட்ட நானே, கண்ணெதிரே ஓர் ஏட்டின் வாய் கட்டப்பட்டபோது, 'கம்பிக் கோளாறு' என்று கூறினேன். அந்த வெட்கமே இக்கட்டுரையை எழுதத் தூண்டிற்று.

நடந்தது என்ன? அமெரிக்க அரசு, உரிய ஆவணமின்றித் தங்கியிருந்த இந்தியர்களைக் கைவிலங்கும் கால்விலங்கும் பூட்டிப் படை விமானத்தில் ஏற்றி, அந்தப் பிப்ரவரி 5ஆம் நாள் அமிர்தசரசிலே கொண்டுவந்து இறக்கிற்று. விலங்கு பூண்டு வந்தோரைக் கண்டு நாடே நாணிற்று. நாணவேண்டியவர் வாய் திறக்கவில்லை. விகடன் நிறுவனத்தார் தம் இணைய இதழொன்றிலே, அமெரிக்க அதிபர் டிரம்பின் அருகில் தலைமை அமைச்சர் மோடி விலங்குடன் அமர்ந்திருப்பதாக ஒரு கேலிச் சித்திரம் வெளியிட்டனர். பாரதிய சனதாக் கட்சியின் அன்றைய மாநிலத் தலைவர் அண்ணாமலை மத்திய அரசுக்கு முறையீடு அனுப்பினார். 15ஆம் நாள் தளம் மூடிற்று. ஒரு படத்துக்காக ஏடு முழுவதும்! முதலில் பூட்டினார்கள், பிறகுதான் விளக்கம் கேட்கக் குழுவைக் கூட்டினார்கள்.

தோழர்களே, ஆட்சியாளர் ஏட்டை ஒடுக்குவது புதிதன்று. அதிகாரம் தோன்றிய அன்றே அதனுடன் ஒட்டிப் பிறந்த நோய் அது. ஆயின் நோயின் குறி மாறியிருக்கிறது. அன்றைய தடைக்கு முகம் இருந்தது, பெயர் இருந்தது, கையெழுத்து இருந்தது. இன்றைய தடைக்கு இவை ஒன்றும் இல்லை. இந்த மாற்றத்தைத்தான் புதுவை மண்ணில் நின்று எண்ணிப் பார்க்க விழைகிறேன். ஏனெனில், வாயடைக்கப்பட்ட ஏட்டுக்கு ஒரு காலத்தில் வாயில் திறந்துவிட்ட ஊர் இது.

1908ஆம் ஆண்டு. சென்னையில் வெளிவந்த 'இந்தியா' கிழமை இதழின் மீது வெள்ளைத் துரைத்தனம் பாய்ந்தது. ஏட்டின் ஆசிரியர் எனப் பதிவு செய்யப்பட்டிருந்த சீனிவாசன் இராசத் துரோகக் குற்றஞ் சாட்டப்பட்டுச் சிறை புகுந்தார். உண்மையில் எழுதிய கை பாரதியாருடையது. அவர் புதுவை வந்து சேர்ந்தார். பின்னாலேயே அச்சு இயந்திரமும் வந்தது. அவ்வாண்டு அக்டோபரில் 'இந்தியா' இங்கிருந்து மீண்டும் வெளிவரலாயிற்று. பாரதியாரின் வேத மோகமும் ஆரியப் பெருமையும் நமக்கு உடன்பாடானவை அல்ல. அதை மறைத்துப் பேசவேண்டிய கட்டாயமும் நமக்கில்லை. ஆனால் உடன்பாடற்ற கருத்தின் உரிமைக்கும் சேர்த்து வாதாடுபவனே பகுத்தறிவாளன்.

புதுவையில் ஏடு நடத்த எங்ஙனம் முடிந்தது? பிரெஞ்சுக்காரர் நம்மீது கொண்ட பேரன்பினாலா? அன்று! 1881 ஜூலை 29ஆம் நாள் பாரிசிலே இயற்றப்பட்ட பத்திரிகைச் சட்டம், ஏடு தொடங்க முன் அனுமதியும் ஜாமீன் தொகையும் வேண்டுவதில்லை என்று வகுத்தது. அச்சட்டம் குடியேற்ற நாடுகளுக்கும் பொருந்தும் என்று அதிலேயே எழுதியிருந்தது. அந்த ஒரு வரி புதுவைக்கு அரணாயிற்று. அதே மூவண்ணக் கொடி பறந்த இந்தோசீனாவிலோ, வியத்நாமிய மொழி ஏடுகட்கு முன் அனுமதி வேண்டும் என 1898இல் தனி ஆணை பிறப்பித்தனர். உரிமை என்பது ஆள்வோரின் நெஞ்சிலே இல்லை, எழுதி வைத்த வரியிலே இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அடைக்கலம் நெடுநாள் நீடிக்கவில்லை. 'இந்தியா'வைப் படித்தோரில் பெரும்பாலோர் எல்லைக்கு அப்பால், ஆங்கிலேயர் ஆண்ட பகுதியில் வாழ்ந்தனர். புதுவையில் அச்சடிப்பதைத் தடுக்க முடியாத துரைத்தனம், தன் எல்லைக்குள் ஏடு நுழைவதைத் தடுத்தது. ஏடு புறப்பட்டது, போய்ச் சேரவில்லை. 1910 மார்ச்சில் நின்றது. இங்கே ஒன்றைக் கருத்தில் இருத்துங்கள். எழுதுபவன் கையைக் கட்டாமல், படிப்பவன் கண்ணைக் கட்டும் கலையை அவர்கள் அன்றே பயின்றிருந்தனர். தபால் பையிலே செய்த அதே வேலையைத்தான் இன்று இணையக் கம்பியிலே செய்கின்றனர். புதுவைக்கும் கடலூருக்கும் இடையே அன்று எல்லைக் காவல் இருந்தது. இன்று எல்லை ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் இருக்கிறது!

அடுத்து ஈரோட்டுக்கு வருவோம். 1933 அக்டோபர் 29ஆம் நாள் 'குடிஅரசு' தலையங்கம், அன்றைய ஆட்சிமுறை ஒழியத்தான் வேண்டும் என்று காரணகாரியத்துடன் எடுத்துரைத்தது. துரைத்தனம் வெகுண்டது. எழுதிய பெரியாரும், வெளியிட்டவர் என்ற முறையில் அவர்தம் தங்கையார் கண்ணம்மாளும் இராசத் துரோகக் குற்றத்துக்கு ஆளாயினர். கோவை நீதிமன்றத்தில் பெரியார் எதிர்வழக்காடவில்லை. தாம் எழுதியதற்குத் தாமே பொறுப்பு என்று அறிக்கை தந்தார். இருவரும் சிறை சென்றனர். 'குடிஅரசு' நின்றது. நின்ற இடத்திலே 'புரட்சி' பிறந்தது, அவ்வாண்டு நவம்பரிலேயே! அதையும் நெருக்கினர், 1934இல் 'பகுத்தறிவு' வந்தது.

அந்த வழக்கைச் சற்றே உற்று நோக்குங்கள். குற்றப் பிரிவு இன்னதென்று சொன்னார்கள். குற்றமான எழுத்து இன்ன நாள் ஏட்டில் வந்தது என்று காட்டினார்கள். நீதிபதி எதிரே அமர்ந்திருந்தார். நாடு அறிய விசாரணை நடந்தது. கொடுங்கோல் ஆட்சிதான்; ஐயமில்லை. எனினும் அந்த ஆட்சியும் 'இவரை இதற்காக ஒடுக்குகிறேன்' என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருந்தது. அவ்வாறு சொன்னதனாலேயே அந்தத் தலையங்கம் நூறு மடங்கு பரவிற்று. தண்டித்தவன் தானே விளம்பரதாரனானான்.

விடுதலை வந்தது. கொடி மாறிற்று. குணம் மாறிற்றா? 1950 மார்ச் 1ஆம் நாள், சென்னை அரசு, பம்பாயிலிருந்து வெளிவந்த 'கிராஸ் ரோட்ஸ்' என்ற இடதுசாரிக் கிழமை இதழ் தன் மாகாணத்தில் நுழையவும் பரவவும் கூடாதென ஆணையிட்டது. அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்து அப்போது ஐந்து கிழமைகள்கூட நிறையவில்லை! மை உலரு முன்னரே அதன்மேல் கை வைத்தாயிற்று. ஆனால் அந்த ஆணை அரசிதழில் அச்சேறிற்று. கையில் ஆணை இருந்தது. எனவே ஆசிரியர் ரொமேஷ் தாப்பர் நேரே உச்ச நீதிமன்றத்தின் படியேறினார். 1950 மே 26ஆம் நாள், ஆணை செல்லாதெனத் தீர்ப்பாயிற்று. ஏட்டை வெளியிடும் உரிமையில் அதைப் பரப்பும் உரிமையும் அடக்கம் என்றனர் நீதிபதிகள். 1910இல் 'இந்தியா'வுக்குக் கிட்டாத நீதி அது.

தோற்ற அரசு திருந்திற்றா? மறு ஆண்டே அரசியல் சட்டத்துக்கு முதல் திருத்தம் கொண்டுவந்து, 'பொது ஒழுங்கு' என்ற சொல்லை உள்ளே நுழைத்துக் கொண்டது. அந்தச் சொல் இன்றுவரை உழைத்துக் கொண்டிருக்கிறது, ஓய்வூதியம் கேட்கவில்லை!

நெருக்கடிக் காலத்தை நாடறியும், சுருங்கச் சொல்வேன். 1975 ஜூன் திங்களில் தணிக்கை வந்தபோது, 'இந்தியன் எக்ஸ்பிரஸ்' தலையங்கத்தின் இடத்தை வெறுமையாக விட்டு ஏட்டை வெளியிட்டது. எழுத்தில்லாத அந்த வெள்ளைக் கட்டம் ஆயிரம் தலையங்கம் பேசிற்று. அஞ்சிய தணிக்கையாளர், வெற்றிடம் விடுவதும் கூடாதென்றனர். 1976 பிப்ரவரி 3, அண்ணா நினைவு நாள். மிசாவில் பிடித்துச் செல்லப்பட்டோர் பெயரை வெளியிட 'முரசொலி'க்கு வழியில்லை. கலைஞர் என்ன செய்தார்? அண்ணா சதுக்கத்துக்கு மலர் வளையம் வைக்க வர இயலாதோர் என்று ஒரு பட்டியலை வெளியிட்டார். படித்தோர் புரிந்து கொண்டனர். அடைத்த வாயிலின் இடுக்கு வழியே வெளிச்சம் கசிந்தது.

பூட்டப்பட்ட விகடன் தளத்தின் முன்னோடி ஏட்டுக்கே இத்தகைய அனுபவம் உண்டு. 1987 ஏப்ரலில், சட்டமன்ற உறுப்பினர்களையும் அமைச்சர்களையும் கேலி செய்த ஓர் அட்டைப் படத்துக்காக, 'ஆனந்த விகடன்' ஆசிரியர் பாலசுப்பிரமணியனுக்குத் தமிழகச் சட்டமன்றம் மூன்று திங்கள் சிறை விதித்தது. நாடெங்கும் எதிர்ப்புக் குரல் எழவே, ஓரிரு நாளில் விடுவித்தனர். பின்னர் உயர் நீதிமன்றம் அந்தத் தண்டனை தவறென்று கூறி, ஆயிரம் ரூபாய் இழப்பீடும் தரச் சொன்னது. அங்கும் என்ன நடந்தது? மன்றத்தில் தீர்மானம், எதிரே ஓர் ஆசிரியர், வெளியே மக்கள். எல்லாம் வெளிச்சத்தில்.

இனி இணையத்துக்கு வருவோம். வந்தால் மறுபடியும் புதுவைதான் முதலில் நிற்கிறது!

2008 டிசம்பரில் தகவல் தொழில்நுட்பச் சட்டத்துக்குத் திருத்தம் வந்தது. நாடாளுமன்றக் கூச்சலிடையே, ஏறத்தாழ விவாதமே இன்றி நிறைவேறிற்று. அத்துறைக்கு அந்நாளில் அமைச்சர் யார்? திராவிட முன்னேற்றக் கழகத்தைச் சேர்ந்த ஆ. இராசா. இதை எழுத என் கை கூசுகிறது. கூசினாலும் எழுதத்தான் வேண்டும். 'ஆரிய மாயை' எழுதியதற்காக அண்ணா தண்டனை பெற்ற வரலாற்றை மேடைதோறும் பேசும் நம்மவர், இந்த மசோதாவை ஒருமுறை ஊன்றிப் படித்திருக்க வேண்டாமா?

அத்திருத்தத்தில் இரண்டு பிரிவுகள். ஒன்று 66ஏ. இணையத்தில் எழுதியது பிறர்க்கு எரிச்சலோ தொல்லையோ தருமானால் மூன்றாண்டு வரை சிறை. எரிச்சல்! யாருக்கு, எவ்வளவு என்ற அளவுகோல் கிடையாது. பதவியில் இருப்போர்க்கு எதுதான் எரிச்சல் தராது?

2012 அக்டோபர் 30, விடியற்காலை ஐந்து மணி. புதுவையில் சிறுதொழில் நடத்திவந்த ஒருவரின் வீட்டுக் கதவைக் காவலர் தட்டினர். அவர் செய்த குற்றம், அன்றைய மத்திய நிதி அமைச்சரின் மகன் சேர்த்த செல்வம் பற்றி டுவிட்டரில் இரண்டு வரி எழுதியது. அந்நாளில் அவர் எழுத்தைத் தொடர்ந்து படித்து வந்தோர் பதினாறே பேர்! ஒரு பேருந்து நிறுத்தத்தில் நிற்கும் கூட்டம்கூட இதைவிடப் பெரிது. அந்தப் பதினாறு பேர் காதில் விழுந்ததற்காக விடியுமுன் காவல் வண்டி வந்தது. அன்றே பிணையில் வந்துவிட்டார். பதினாறு பேர் படித்த வரிகளை மறுநாள் நாடே படித்தது. சில நாளில் மராட்டியத்திலே, ஒரு தலைவர் மறைவுக்கு ஊர் கடையடைத்ததைக் கேட்டு எழுதிய ஓர் இளம்பெண்ணும், அதை விரும்பியதாகக் குறியிட்ட அவர் தோழியும் கைதாயினர். இளம் சட்ட மாணவி ஷ்ரேயா சிங்கால் தொடுத்த வழக்கில், 2015 மார்ச் 24ஆம் நாள் உச்ச நீதிமன்றம் 66ஏ பிரிவை அடியோடு நீக்கிற்று. நீக்கிய பிறகும் நாட்டின் காவல் நிலையங்களில் அப்பிரிவின் கீழ் வழக்குகள் பதிவாயின. 2021இல் இதைக் கேட்டு உச்ச நீதிமன்றமே திடுக்கிட்டது. செத்த சட்டம் காக்கி உடுத்து நடமாடிற்று!

எனினும் 66ஏ நேர்மையான கொடுமை என்பேன். கதவைத் தட்டிற்று, பிரிவைச் சொல்லிற்று, ஆளை நீதிமன்றத்தில் நிறுத்திற்று. ஆகவே அது அழியவும் முடிந்தது.

அதனுடன் பிறந்த மற்றொன்று 69ஏ. அது பிழைத்துக் கொண்டது. நாட்டின் இறையாண்மை, பாதுகாப்பு, அயல்நாட்டு நட்பு, பொது ஒழுங்கு முதலிய காரணங்களுக்காக இணையப் பக்கத்தைத் தடுக்க மத்திய அரசுக்கு அது அதிகாரம் தருகிறது. அதற்கென 2009இல் வகுத்த விதிகளில் 16ஆம் விதியைப் படியுங்கள்: வந்த கோரிக்கையும் முறையீடும், எடுத்த நடவடிக்கையும், யாவும் கண்டிப்பாக இரகசியமாகக் காக்கப்பட வேண்டும்.

66ஏ பிரிவைக் கொன்ற அதே தீர்ப்பு 69ஏ பிரிவை ஏற்றது. ஏன்? தடுப்பதற்கான காரணத்தை எழுத்திலே பதிய வேண்டும். பாதிக்கப்பட்டவர் அதை எதிர்த்து உயர் நீதிமன்றம் செல்லலாம். எனவே பாதுகாப்பு உண்டு என்பது நீதிபதிகள் கருத்து. மதிப்புக்குரிய நீதிபதிகளே, எழுதிய காரணத்தைப் பெட்டியிலே வைத்துப் பூட்டிவிட்டு, 'எதிர்த்து வழக்காடு' என்றால், எதை எதிர்த்து? வினாத்தாளை மறைத்துவிட்டு விடை எழுதச் சொன்னால் என் மாணவன் என்னைப் பார்த்துச் சிரிக்க மாட்டானா?

இது வெறும் வாதமன்று. டெல்லியைச் சேர்ந்த எழுத்தாளர் ஒருவர், வரதட்சணைக் கொடுமையைக் கேலி செய்து ஒரு வலைத்தளம் நடத்தினார். மாப்பிள்ளையின் படிப்பு, வேலை, நிறம் ஆகியவற்றைக் குறித்தால் 'விலை' என்ன என்று கணக்கிட்டுக் காட்டும் தளம் அது. நம் சீர்திருத்த மேடைகளில் எத்தனை முறை பேசப்பட்ட நையாண்டி! கேலியைக் கேலியென்று உணரும் திறன் அரசு அலுவலகத்துக்கு இல்லை போலும். 2018இல் தளம் தடுக்கப்பட்டது. நடத்தியவர் ஆணையைக் கேட்டார், கிடைக்கவில்லை. வழக்காடி, வழக்காடி, 2022 மே திங்களில்தான் டெல்லி உயர் நீதிமன்றம், ஆணையின் படியை அவருக்குத் தந்து அவர் தரப்பைக் கேட்க வேண்டுமென்றது. ஆணையைக் கண்ணால் காண்பதற்கே நான்கு ஆண்டுகள்! 'கிராஸ் ரோட்ஸ்' வழக்கு தொடங்கி முடிந்ததே மூன்று திங்களுக்குள் என்பதை இத்துடன் ஒப்பிட்டுப் பாருங்கள்.

காசுமீரத்தில் 2019 ஆகத்து 4ஆம் நாள் இரவு முதல் இணையமே துண்டிக்கப்பட்டபோது, அது குறித்த வழக்கில் 2020 சனவரி 10ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தெளிவாகக் கூறிற்று: இணையத்தைத் துண்டிக்கும் ஆணைகள் வெளியிடப்பட வேண்டும், பாதிக்கப்பட்டோர் எதிர்த்து வழக்காட ஏதுவாக. நன்று! 2018 மே 22ஆம் நாள் தூத்துக்குடியில் ஆலை எதிர்ப்பாளர்மீது துப்பாக்கிச் சூடு நடந்து பதின்மூவர் மாண்டபோது, மறுநாள் மூன்று மாவட்டங்களில் இணையத்தை நிறுத்தினார்களே, அத்தகைய ஆணைகளெல்லாம் இனி மறைவில் இருக்கலாகாது. ஆனால் ஊர் முழுவதையும் இருட்டாக்கும் ஆணையை வெளியிட வேண்டும், ஒரே ஓர் ஏட்டை இருட்டாக்கும் ஆணையை மட்டும் மறைக்கலாம் என்பது என்ன நியாயம்? கடலுக்கு அப்பால் இலங்கையில், 2007 ஜூனில் 'தமிழ்நெட்' செய்தித் தளம் தடுக்கப்பட்டபோதும் இதே கதைதான். படிக்க முயன்றவனுக்குத் தெரிந்ததெல்லாம் பக்கம் வரவில்லை என்பது மட்டுமே.

"அப்படியானால் சாதிவெறி தூண்டுபவனையும், மதக் கலவரம் மூட்டுபவனையும் விட்டுவிடுவதா?" எனத் தோழர் சிலர் கேட்கக் கூடும். ஞாயமான கேள்வி. வேண்டாம், விடவேண்டாம். கலப்பு மணம் புரிந்தோரைக் கொல்லத் தூண்டும் எழுத்தை நானும் பொறுக்கமாட்டேன். தடுக்கட்டும், தடுக்கும் ஆணையில் பெயரிட்டு, காரணமிட்டு, கையெழுத்திட்டு, ஊரறிய ஒட்டட்டும். வெறியனைத் தடுத்த அரசு அதை ஏன் மறைக்க வேண்டும்? வெறியனுக்கும் கேலிச் சித்திரக்காரனுக்கும் ஒரே இருட்டறை என்றால், உள்ளே யார் கிடக்கிறார் என்று நாம் எப்படி அறிவது?

விகடன் வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. 2025 மார்ச் 6ஆம் நாள் நீதிபதி பரத சக்கரவர்த்தி இடைக்கால ஆணை வழங்கினார். படத்தை இப்போதைக்கு நீக்கிவிட்டுத் தெரிவிக்க வேண்டும், அதன்பின் அரசு தடையை விலக்க வேண்டும் என்பது ஆணை. ஒரு படத்துக்காக முழுத் தளத்தையும் மூடிய கொடுமை நீங்கிற்று. அந்த அளவில் மகிழ்ச்சியே. ஆனால் படம் குற்றமா இல்லையா என்ற வினாவுக்கு விடை வருமுன்னரே படம் இறங்க வேண்டியதாயிற்று.

இதற்கிடையே மற்றொரு வாயிலும் திறந்துவிட்டது. 69ஏ பிரிவின் குழு, விதி ஆகியவை ஏதுமின்றியே, பல துறை அலுவலரும் மாநிலக் காவல் துறையினரும் எழுத்தை நீக்கக் கோரி அனுப்புவதற்கு 'சகயோக்' என்ற தளத்தை மத்திய அரசு அமைத்தது. அதை எதிர்த்து எக்ஸ் நிறுவனம் தொடுத்த வழக்கைக் கர்நாடக உயர் நீதிமன்றம் 2025 செப்டம்பர் 24ஆம் நாள் தள்ளுபடி செய்தது. கோடீசுவர நிறுவனத்தின்மீது எனக்குப் பரிவில்லை. அதன் வழியே எழுதும் எளியவனைப் பற்றியே கவலை. அந்த வழக்கில் அவன் வாதியும் இல்லை, பிரதிவாதியும் இல்லை.

மார்ச்சுத் திங்களில் ஒரு மாலை, பக்கத்து வீட்டு மாணவர் மீண்டும் வந்தார்.

"திறந்துவிட்டது, ஐயா! ஆனால் அந்தப் படத்தைக் காணோம். அது இருந்த இடமும் தெரியவில்லை."

"தெரியாது, தம்பி."

"தடுத்த ஆணையை நாம் படிக்க முடியுமா?"

16ஆம் விதியை அச்செடுத்து அவர் கையில் தந்தேன். இரண்டு முறை படித்தார். தம் கல்லூரி மன்றத்தில் அடுத்த கிழமை இதைப் படிக்கப் போவதாகவும், 'குடிஅரசு' வழக்கில் பெரியார் தந்த அறிக்கை வேண்டுமென்றும் கேட்டார். தேடி எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.